மொட்டைத் தலைப் பாரதமாதா

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்கு வருஷாவருஷம் ஒரு பெண் பாரதமாதாவாக நடிப்பாள். அவர்களில் மொட்டைத் தலையோடு நடித்தவள் நான் ஒருத்திதான். இப்போதும் ஊருக்குப் போனால் என் வயதுக்காரர்கள் யாராவது அதைச் சொல்லிச் சிரிக்காமல் விடுவதில்லை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது என் மகளிடமே சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் காரில் என் தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். சரி, முழுக்கதையையும் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். சொல்லச் சொல்லத்தான், அதில் பாதி எனக்கே வெகுநாள் கழித்துத்தான் விளங்கியிருக்கிறது என்று தெரிந்தது.

அலங்காநல்லூரிலிருந்து வாடிப்பட்டிக்குப் போகும் ரோட்டில் கால்வாயைத் தாண்டி உள்ளே இறங்கினால் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும். வீட்டில் அப்பா, அம்மா, சித்தி, நான். இவர்கள் எல்லோருக்கும் மேலே அத்தை. அத்தை அப்பாவுக்கு மூத்தவர்; இளம் வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். தாயில்லாத சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது அவர்தான். அந்தச் சித்தப்பா வளர்ந்து பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். அதனால் சித்தப்பா விஷயத்தில் மட்டும் வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது. அத்தை சொன்னதுதான்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் வடக்கே மலைமேல் சண்டை மூண்டது. சித்தப்பா அங்கேதான் இருந்தார். எங்கள் வீட்டு டி.வி.யைச் சுற்றி அந்த மாதங்களில் இருந்த கூட்டம் திருவிழாவுக்குக்கூட இருந்ததில்லை. செய்தியில் பனிமலையைக் காட்டும்போதெல்லாம் அத்தை டி.வி.க்கு மிக அருகில் போய் நின்றுகொள்வார், அதில் ஊரும் புள்ளிகளில் ஒன்று தன் தம்பியாக இருக்கும் என்பதுபோல. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் தெரிந்தால் சித்தி கொல்லைப்பக்கம் போய்விடுவார். நல்ல தபாலா கெட்ட தபாலா என்று யாராவது பார்த்துச் சொன்ன பிறகுதான் உள்ளே வருவார்.

ஒருநாள் செய்தி முடிந்ததும் அத்தை எழுந்தார். அழகர்மலை இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் பொரி தின்றுகொண்டிருந்த என் தலையில் கையை வைத்தார்.

“அழகா, எந்தம்பி கை கால் சொகத்தோட வந்து சேரட்டும். இந்தப் புள்ள முடிய ஒனக்குத் தாரேன்.”

என்னை யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பொரிதான் முக்கியமாக இருந்தது. ஆனால் இரண்டு நாள் யோசித்துவிட்டு, “ஒங்க முடியவே குடுக்கலாம்ல அத்த?” என்று கேட்டேன்.

“இந்த எலிவாலயா? சாமி சிரிக்கும்டி” என்றார் அத்தை.

சண்டை ஓய்ந்தது. சித்தப்பா நலம் என்று செய்தி வந்தது. ஆனால் லீவு மட்டும் வரவில்லை. நேர்ந்துவிட்ட முடியில் கத்தரி படக்கூடாது என்பதால், அவர் வரும்வரை என் முடி பாட்டுக்கு வளர்ந்தது. அத்தை விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து தேய்ப்பார், செம்பருத்தி இலையை அரைத்துக் குளிப்பாட்டுவார். சாமிக்குக் கொடுக்கிற பொருள் சுத்தமாக இருக்கவேண்டுமாம். ஒரு வருஷத்துக்கு மேல் இந்தக் கவனிப்பு நடந்ததில், ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது என் சடை இடுப்பைத் தாண்டிவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இது அழகருடையது என்பதை நான் மெதுவாக மறந்துபோனேன். இவ்வளவு நாள் கேட்காத சாமி இனிமேலா கேட்கப்போகிறது?

ஆடி பாதி கழிந்ததும் எங்கள் டீச்சர் சுதந்திர தின நாடகத்துக்கு ஆள் எடுத்தார். வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சடையை அவிழ்த்துவிடச் சொல்லி, முதுகில் பரப்பி, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

“பாரதமாதான்னா இதுதான். முடிய விரிச்சுப் போட்டு ஒரு கிரீடம் வச்சா போதும்” என்றார்.

எனக்குப் பக்கத்தில் உட்காரும் வசந்தி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்குக் கிடைத்தது கங்கை நதி வேஷம். நீலச் சேலையைப் பிடித்துக்கொண்டு மேடையில் குறுக்கே ஓடவேண்டும், வசனம் கிடையாது.

அந்த வாரத்தில்தான் சித்தப்பா லீவில் வந்தார்.

மாலை போட்டு, வேட்டு வெடித்து, தெருவே திரண்டு கூட்டிவந்தது. எதிர்வீட்டு வாசலில் வேட்டுப் போட்டபோது சித்தப்பா சட்டென்று என்னை இழுத்துத் தன் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சாயங்காலம் பையன்கள் எல்லாம் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள், எத்தனை பேரைச் சுட்டார் என்று கேட்க.

“அங்க என்னண்ணே பாத்தீக?”

“பாறை” என்றார் சித்தப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “பனி” என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்து, “மறுபடியும் பாறைதான்” என்றார். பையன்கள் அவர் கொண்டுவந்திருந்த பாதாம் பருப்பை வாங்கிக்கொண்டு கலைந்துவிட்டார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஊரெல்லாம் நான் சொல்லி வைத்திருந்த சித்தப்பா வேறு ஆள்.

மறுநாளே அத்தை வேலையைத் தொடங்கிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை அழகர்கோவில், வேன் பேசியாயிற்று. பதினைந்தாம் தேதிக்கு அதிலிருந்து சில நாள்தான் இருந்தது. நான் சாப்பிடமாட்டேன் என்றேன். நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அம்மா கெஞ்சினாள். கடைசியில் அப்பாவே வாய் திறந்தார்.

“ஏக்கா, அந்த நாடகம் முடியட்டுமே. நாலு நாள் தள்ளிப் போச்சுன்னா அழகர் கோவிச்சுக்கவா போறாரு?”

“பதினாறாந்தேதி அவனுக்கு ரயிலு. அவன் இல்லாம குடுக்கவா?” என்றார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, “நம்ம கேட்டப்ப, ‘நாலு நாள் பொறு, பெறகு காப்பாத்துறேன்’னு சாமி சொல்லுச்சாடா?” என்றார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

எனக்கு மிச்சமிருந்தது சித்தப்பா ஒருவர்தான். அவருக்காகத்தானே இத்தனையும்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். நேரே அத்தையிடம் போய், “பாப்பா முடி வேணாங்க்கா. நாந்தான உசுரோட வந்தவன். என் தலய எடுத்துக்கங்க” என்றார்.

அத்தை அவர் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தார். “எங்கய்யா இருக்கு எடுக்க? பட்டாளத்துல அவனுகளே வழிச்சு விட்டுருக்கானுக” என்றார். அதோடு வழக்கு முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேனில் ஏறினோம். அழகர்கோவிலில் ஆடிக் கூட்டம். கருப்பசாமி வாசலில், சந்தனம் அப்பிய கதவுகளுக்கு முன்னால், அத்தை சூடம் ஏற்றி அழுதார். பிறகு முடி எடுக்கும் மண்டபத்துக்குக் கூட்டிப் போனார்கள். என் சடையை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்தபோதே நான் அழ ஆரம்பித்துவிட்டேன். குனிந்த தலையிலிருந்து முடி மடியில் விழுந்தது. அது என் முடி என்றே தோன்றவில்லை. கறுப்பாக ஏதோ ஒரு பிராணி படுத்திருப்பதுபோல இருந்தது.

எனக்குப் பக்கத்துப் பலகையில் ஓர் அம்மா மொட்டை போட உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். வெயிலில் வேலை செய்து கறுத்த கைகள். முடி பாதி நரைத்திருந்தாலும் நிறைய இருந்தது.

“ஏந்தாயி அழுகுற? கத்தி வலிக்குதா?”

“எனக்கு நாடகம் இருக்கு. நாந்தான் பாரதமாதா. முடி இருந்தாத்தான் பாரதமாதா.”

அவர் சிரித்தார். “யாருக்கு நேந்தது?”

“எங்க சித்தப்பாவுக்கு. சண்டைக்குப் போயிட்டு வந்துட்டாரு.” துண்டும் சந்தனக் கிண்ணமுமாக நின்றிருந்த சித்தப்பாவைக் காட்டினேன்.

அவர் சித்தப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “வந்துட்டாகளா? நல்லா இருக்கட்டும்” என்றார்.

“ஒங்களுக்கு யாருக்கு?”

“எம்மகனுக்கு. அவனும் அந்த மலையிலதேன் நின்னான்.”

நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. “வரலையா?”

“வரல தாயி.”

“லீவு கெடைக்கலையா?”

“இனிமே வரமாட்டான்” என்றார் அவர். முடி எடுப்பவர் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டார். “நீ வழிய்யா” என்று அந்த அம்மாவே சொன்னார்.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. “வரலைன்னா எதுக்கு முடி குடுக்குறீக? சாமிதான் ஒங்களுக்கு ஒண்ணுமே செய்யலையே?” என்று கேட்டேன். அத்தை என் தொடையில் கிள்ளிய கிள்ளு சாயங்காலம் வரை சிவந்திருந்தது.

“புள்ளயக் கிள்ளாதீகம்மா, கேக்கட்டும்” என்றார் அவர். பிறகு என்னிடம் சொன்னார்: “அவன் ஒருத்தனுக்கா வேண்டுனேன்? அங்க நிக்கிற புள்ளைகளப் பூராம் வீடு கொண்டாந்து சேருன்னுல்ல அழகருகிட்டக் கேட்டேன். எம்புட்டுப் பேரு வந்துருக்காக! இந்தா, ஒங்க சித்தப்பா வந்து நிக்கிறாகள்ல. கேட்டதக் குடுத்தா நம்ம குடுக்கணுமா இல்லையா?”

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இவர் எல்லோருக்கும் சேர்த்து முடி கொடுக்கிறார் என்றால், சித்தப்பாவுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அப்படியானால் என் முடியை எதற்கு எடுத்தார்கள்? அநியாயமாக இரண்டுமுறை வாங்கிவிட்டார் அழகர். வாய் வரை வந்துவிட்டது. தொடை வலியில் கேட்காமல் விட்டேன்.

அந்த அம்மா எழுந்ததும் அந்தப் பலகையில் சித்தப்பா போய் உட்கார்ந்தார். இருந்த கொஞ்சத்தையும் எடுத்துவிடச் சொன்னார். “யாருக்குய்யா இது?” என்று அத்தை கேட்டார். சித்தப்பா முடித்துவிட்டு வந்து அந்த அம்மா முன்னால் தலையைக் குனிந்து நின்றார். அவர் சித்தப்பா கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி முதலில் என் தலையில் சந்தனம் பூசினார். பிறகு சித்தப்பா தலையில் பூசினார். பூசி முடித்த பிறகும் அவர் உள்ளங்கை சித்தப்பாவின் தலையிலேயே இருந்தது.

எந்த ஊர் என்று அத்தை கேட்டதற்கு, அந்த அம்மா வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரைச் சொன்னார். அத்தை பழக்க தோஷத்தில், “அங்க எந்தத் தெரு?” என்று ஆரம்பித்தார். சித்தப்பா திரும்பி அத்தையை ஒரு பார்வை பார்த்தார். அத்தை சட்டென்று பேச்சை மாற்றி, கோவிலில் வாங்கிய பிரசாதத் தோசையில் பாதியைப் பிட்டு அந்த அம்மா கையில் வைத்தார். தெருவைக் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை என்னைப் பார்த்ததும் டீச்சர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். வசந்தி எழுந்து நின்று, “டீச்சர், எனக்கு வசனமெல்லாம் தெரியும்” என்றாள். ஆனால் அவளுக்குக் குரல் வராது. என் குரல் கால்வாய்க்கரை வரை கேட்கும். ஆகவே மொட்டையே இருக்கட்டும், முந்தானையைத் தலையில் போட்டுக் கிரீடத்தை வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. பிடித்து நிறுத்த முடியில்லாததால் அட்டைக் கிரீடம் மூக்கு வரை இறங்கியது. உள்ளே ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார்கள்.

விழாவுக்குக் கொடியேற்றச் சித்தப்பாவைக் கூப்பிடத் தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்தார். சித்தப்பா, “நான் வேணாம் சார். ஒருத்தரக் கூட்டியாரேன், அவுக ஏத்தட்டும்” என்று, யாரென்றும் சொன்னார். தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். “பஞ்சாயத்துல ஒரு வார்த்தை...” என்று இழுத்தார்.

“கேளுங்க சார். அவுக ஏத்தலைன்னா நானும் ஏத்தல.”

பதினைந்தாம் தேதி காலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் சித்தப்பா போய் அந்த அம்மாவைக் கூட்டிவந்தார். பளிச்சென்ற நீலச் சேலை, மொட்டைத் தலையில் புதுச் சந்தனம். பெண்களோடு தரையில் உட்காரப் போனவரை, சித்தப்பா கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை எழுந்து வந்து அந்த அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்த அம்மா கயிற்றை இழுத்தார். முடிச்சு அவிழவில்லை. சித்தப்பா பக்கத்தில் போய், “நல்லா சுண்டி இழுங்கம்மா” என்றார். கொடி விரிந்து பூக்கள் கொட்டின. கம்பத்தடியில் நின்ற எங்கள் மூன்று மொட்டைத் தலைகளிலும் சாமந்தி இதழ்கள் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டன. பின்வரிசையில் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பிறகு நாடகம். வசந்தி நீலச் சேலையோடு ஓடிப் போனாள். நான் கிரீடத்தோடு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தேன். ராணுவ வீரனாக வந்தவன் கணேசன், என் வகுப்புத்தான். மரத் துப்பாக்கியோடு வந்து, எதிரிகளோடு சண்டை போட்டு, என் காலடியில் விழுந்து சாகவேண்டும். ஒத்திகையில் ஒருமுறைகூட அவன் சிரிக்காமல் செத்ததில்லை. அன்றைக்கு ஆச்சரியமாக ஒழுங்காக விழுந்தான். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தான். நான் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, டீச்சர் எழுதிக்கொடுத்த வசனத்தை முழக்கினேன்.

“மகனே! உன் தாய் அழமாட்டாள்! எனக்கு இன்னும் கோடி மைந்தர்கள் இருக்கிறார்கள்!”

முன்வரிசையில் அந்த அம்மா எழுந்து நின்றார். மேடை என்று பெயரே தவிர, நாலு பெஞ்சை ஒட்டிப் போட்டு ஜமுக்காளம் விரித்ததுதான். நேரே வந்து அதில் ஏறினார். என் மடியில் கிடந்த கணேசனின் தோளைத் தொட்டார்.

“எந்திரிய்யா” என்றார். “எந்திரி. மண்ணுல கெடக்காத.”

கணேசன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நாடகத்தில் இது கிடையாது. எழுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவர் அவன் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். முழங்காலைத் தட்டினார். கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

“வீட்டுக்குப் போய்யா. ஆத்தா தேடும்.”

ஒருவரும் கை தட்டவில்லை. மேடைக்குப் பக்கத்தில் நின்ற டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். தலைமையாசிரியர் எழுந்து நின்றார். அவர் நின்றதும் எல்லோரும் நின்றார்கள். யாரோ தேசிய கீதத்தைத் தொடங்கிவிட, விழா அதோடு முடிந்துபோனது.

நான் சிம்மாசனத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எனக்கு இன்னும் இரண்டு வசனம் பாக்கி இருந்தது. நாடகத்திலேயே நல்ல வசனங்கள் அவைதாம். கையை உயர்த்திச் சொல்லவேண்டும். சொன்னதும் கைதட்டல் வரும் என்று டீச்சர் உறுதி கொடுத்திருந்தார். முடியும் போய், வசனமும் போயிற்று. ஆனால் ஊரார் வேறுவிதமாக நினைத்துக்கொண்டார்கள். “இந்த வயசுல எம்புட்டு எளகுன மனசு பாரு” என்று ஆளாளுக்கு வந்து என் மொட்டையைத் தடவினார்கள். வசந்தியின் அம்மா தன் சேலையிலேயே என் கண்ணைத் துடைத்தார். இல்லை, வசனத்துக்காகத்தான் அழுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் அந்த அம்மாவை ஊரில் விட்டுவிட்டுச் சித்தப்பா திரும்பும்போது, நான் கால்வாய்ப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எதுக்கு பாப்பா அம்புட்டு அழுக?”

அவரிடம் உண்மையைச் சொன்னேன். “ரெண்டு வசனம் பாக்கி சித்தப்பா.”

அவர் சிரிக்கவில்லை. “எங்கிட்டச் சொல்லு” என்றார்.

நான் படியில் ஏறி நின்று, கிரீடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கையை உயர்த்தினேன். அவரும் எழுந்து கீழ்ப்படியில் நேராக நின்றார்.

“நீ காத்த மண் உன்னை மறக்காது! இனி நீ நிம்மதியாக உறங்கு, மகனே!”

கைதட்டுவார் என்று பார்த்தேன். சித்தப்பா கைதட்டவில்லை. தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “இன்னொருக்காச் சொல்லு பாப்பா” என்றார்.

குண்டுச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, களையெடுத்துவிட்டு அக்கரையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்திச் சொன்னேன்.